வடமராட்சி கிழக்கை வகுத்துப் பார்க்காதீர்கள்: வளத்திரட்டுத் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் திட்டமிடல், புள்ளிவிபரப் பிரிவுகளின் அலுவலர்களுக்கும் பிரதேச செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

பிரிவின் நிலம், சனம், சேவை விபரங்களைத் தொகுத்துப் பிரதேச செயலகங்களில் தயாராகும் வளத்திரட்டுகளின் அமைப்பு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் நான்கு எல்லைகள், அடுத்து பரப்பு, பிறகு கிராம அலுவலர் பிரிவுகள், குடும்பங்கள், ஆட்கள். கடைசியில் சதுர கிலோமீற்றருக்கு இத்தனை பேர் என்று ஓர் அடர்த்தி. அந்த அடர்த்தியை எடுத்துக்கொண்டுதான் பஸ் எத்தனை, தண்ணீர்ப் பவுசர் எத்தனை, தாதி எத்தனை என்ற பேச்சு தொடங்குகிறது. நகரத்துக்கு அது ஓரளவு பொருந்தும். வடமராட்சி கிழக்கு போன்ற பிரிவுக்கு அது பொருந்தாது. பரப்பும் சரி, ஆட்தொகையும் சரி, ஆனால் ஒன்றை மற்றதால் வகுத்து வரும் விடை பிழை. ஏன் பிழை, பதிலுக்கு எதை எழுதவேண்டும் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

மாவட்ட மட்டத்திலேயே தொடங்குவோம். யாழ் மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 1,025 சதுர கிலோமீற்றர். உள்நாட்டு நீர்ப்பரப்பைக் கழித்தால் நிலம் 929. 2012 கணக்கெடுப்பின்படி சனத்தொகை 583,882. நிலத்தால் வகுத்தால் 629 பேர், மொத்தப் பரப்பால் வகுத்தால் 570 பேர். இரண்டு இலக்கங்களும் அறிக்கைகளில் உலவுகின்றன. எதால் வகுத்தது என்ற குறிப்பு பல இடங்களில் இல்லை. ஒரு வருடம் ஒன்றையும் அடுத்த வருடம் மற்றதையும் போட்டுவிட்டால், ஒருவரும் இடம்பெயராமலே சனம் குறைந்ததாகவோ கூடியதாகவோ ஆகிவிடும்.

காலத்தோடு ஒப்பிடும்போது இதைவிடப் பெரிய சறுக்கல் நடக்கிறது. 1981 இல் யாழ் மாவட்டத்தின் சனத்தொகை 830,552 என்று சில இடங்களில் பார்க்கலாம். அது கிளிநொச்சியையும் சேர்த்த கணக்கு. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல்தான். இன்றைய எல்லைக்குள் 1981 இல் இருந்தவர்கள் 738,788 பேர். 2012 உடன் ஒப்பிட வேண்டியது இந்த எண்ணோடுதான். அப்போது குறைவு 154,906. எல்லையைக் கவனியாமல் கழித்தால் 246,670 வரும். கூடுதலாக வரும் 91,764, ஒரு கிளிநொச்சியே காணாமற்போன கணக்கு. இடையில் முழுமையான கணக்கெடுப்பே இல்லாமல் 31 வருடங்கள் போயிருக்கின்றன. 2001 இல் நாட்டின் மற்றப் பகுதிகளில் நடந்த கணக்கெடுப்பு இங்கே முழுமையாக நடக்கவில்லை. ஆகவே இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே கோடு கீறி, வருடாவருடம் இத்தனை வீதம் குறைந்தது என்று எழுதுவதற்கு ஆதாரம் கிடையாது. இடப்பெயர்வு நேர்கோட்டில் நடப்பதில்லை.

எண்ணிக்கை குறைந்தால் அதற்கு விலையும் உண்டு. கிளிநொச்சியும் சேர்ந்த யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 பாராளுமன்ற ஆசனங்கள். 2024 இல் 6. இது பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகையை வைத்துப் பகிரப்படுவது என்பதையும் மறக்கக்கூடாது. சனத்தொகை வேறு, வாக்காளர் தொகை வேறு.

இனி வடமராட்சி கிழக்கு. மருதங்கேணியில் செயலகம். மாவட்டத்தின் 435 கிராம அலுவலர் பிரிவுகளில் 18 இங்கே. பரப்பில் மாவட்டத்தின் பெரிய பிரிவுகளில் ஒன்று, ஆட்தொகையில் சிறியவற்றுள் ஒன்று. அடர்த்தியைப் பார்த்தால் சனம் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். நிலத்தில் அப்படி இல்லை. மணற்காட்டில் இருந்து சுண்டிக்குளம் வரைக்கும் நேர்கோட்டில் 40 கிலோமீற்றர் அளவுக்கு நீண்டு கிடக்கும் ஒரு மணற்கீற்று இது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே வடமராட்சிக் களப்பும் தரவைகள் எனப்படும் வெறும் வெளிகளும், தெற்கே ஆனையிறவு, சுண்டிக்குளக் களப்புகள். குடத்தனை, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி, தாளையடி, வத்திராயன், உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று கரையோரமாகக் கோத்துக்கொண்டு போகும் குடியிருப்புகள். வீடுகள் ஊருக்குள் நெருக்கமாகத்தான் இருக்கின்றன. ஊருக்கும் ஊருக்கும் இடையில்தான் வெளி. சனம் சிதறியிருந்தால் நடமாடும் சேவை வேண்டும். சனம் கோத்த மாதிரி இருந்தால் ஒரு நல்ல வீதியும் அதில் ஒழுங்காக ஓடும் பஸ்ஸும் வேண்டும். அடர்த்தி இலக்கம் இந்த இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது.

பரப்பை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். முதலாவது, எல்லைக்குள் அடங்கும் மொத்தம். இரண்டாவது, களப்பு, குளம், மாரியில் நீர் நிற்கும் தரவை ஆகியவற்றைக் கழித்த நிலம். மூன்றாவது, அந்த நிலத்தில் வனம், வனசீவராசிகள், பாதுகாப்புத் தரப்பு என்று குடியிருப்புக்கோ பயிருக்கோ எடுக்க முடியாத காணிகளையும் கழித்த மிச்சம். சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயம், 2015 இல் தேசிய பூங்கா. அந்தப் பக்கத்துக் கிராம அலுவலர் பிரிவுகளில் இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் சின்னதல்ல. காணியற்றோர் பட்டியலைப் பார்த்துவிட்டு "இவ்வளவு பரப்பு இருக்கிறதே" என்று கேட்பவருக்கு இந்த மூன்றாவது எண்தான் பதில்.

அலகைப் பற்றி ஒரு சொல். காணி உறுதிகளில் இருப்பது பரப்பு, குழி என்ற உள்ளூர் அலகுகள். வரகுப் பரப்பு 16 சேர்ந்தால் ஓர் ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச். நெற்பரப்பு அந்த அளவல்ல. உறுதியில் எந்தப் பரப்பு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் 16 ஆல் வகுத்து ஏக்கராக்கினால் வயற்காணிகளின் கணக்கு பிழைத்துவிடும்.

தூரத்தை அளக்கும் முறையும் மாறவேண்டும். கணினியில் கிராம அலுவலர் பிரிவின் மையப்புள்ளியை எடுத்து, அங்கிருந்து வைத்தியசாலைக்கு எத்தனை கிலோமீற்றர் என்று போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நீண்டு வளைந்த பிரிவுகளில் அந்த மையப்புள்ளி தரவையில் விழும், சிலவேளை களப்புத் தண்ணீருக்குள்ளேயே விழும். அங்கே ஆள் கிடையாது. குடியிருப்பின் நடுவில் உள்ள பாடசாலை, கோயில், தேவாலயம் ஏதாவது ஒன்றைப் புள்ளியாக எடுத்து, வீதி வழியே அளவுங்கள். மோட்டார் சைக்கிளின் மீற்றர் போதும். அதோடு வீதியின் வகையையும் எழுதுங்கள்: தார், கிரவல், மணல். மணல் ஒழுங்கையில் அம்புலன்ஸ் புதைந்தால் தூரம் எத்தனை கிலோமீற்றர் என்பதில் பொருள் இல்லை. கோடையில் போகலாம், மாரியில் போக முடியாது என்றால் அதற்கும் ஒரு கட்டம் விடுங்கள்.

மருதங்கேணியில் இருந்து யாழ் நகருக்குப் போகும் ஒரு வழி தாளையடி, சோறன்பற்று வழியாகப் புதுக்காட்டுச் சந்திக்கு ஏறி ஏ-9 வீதியைப் பிடிப்பது. புதுக்காட்டுச் சந்தி கிளிநொச்சி மாவட்டத்தில், பச்சிலைப்பள்ளிப் பிரிவில் இருக்கிறது. யாழ் மாவட்டத்தின் ஒரு பிரிவில் இருந்து யாழ்ப்பாணம் போக வேறு மாவட்டத்துக்குள்ளால் போகவேண்டும். வீதித் திருத்தம் மாவட்ட எல்லையோடு நின்றால் என்ன நடக்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

வரைபடக்காரருக்கு மட்டும் ஒரு குறிப்பு, மற்றவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டலாம். பழைய நிலஅளவைத் தாள்கள் கண்டவளை ஆதாரத்தில் கீறப்பட்டவை. தொலைபேசியின் ஜி.பி.எஸ். காட்டுவது டபிள்யூ.ஜி.எஸ். 84. அகலாங்கு நெட்டாங்கை மாற்றாமல் பழைய தாளில் அப்படியே குறித்தால், எங்கள் பகுதியில் புள்ளி 200 மீற்றருக்கும் மேலே நகர்ந்துவிடும், அதுவும் பெரும்பாலும் கிழக்குப் பக்கமாக. வலிகாமத்தின் நடுவில் இது ஒரு ஒழுங்கை மாறிப்போன அளவுதான். வடமராட்சி கிழக்கின் கரையில் வீடு கடலுக்குள் போய்விடும். கடற்கரையில் இருந்து இத்தனை மீற்றருக்குள் உள்ள வீடுகள் என்று பட்டியல் எடுக்கும்போது இதைச் சரிபார்க்காவிட்டால், உதவி கிடைக்கவேண்டிய குடும்பங்கள் மாறிப்போகும். ஆள்கூறுகளில் இன்னொரு கலப்பும் உண்டு. பழைய வலையமைப்பில் மூலப் பெறுமானம் 200,000, புதிய எஸ்.எல்.டி. 99 இல் 500,000. அந்தப் பிழை கண்ணில் அடிக்கும், உடனே திருத்திவிடலாம். 200 மீற்றர்ப் பிழைதான் ஒளிந்திருக்கும்.

ஆட்களின் கணக்குக்கு வருவோம். ஒரே ஊருக்குக் குறைந்தது நான்கு தொகைகள் இருக்கின்றன: கணக்கெடுப்புத் தொகை, கிராம அலுவலரின் குடும்பப் பதிவு, வாக்காளர் இடாப்பு, குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு. நான்கும் ஒத்துவராது, ஒத்துவரவும் கூடாது. கணக்கெடுப்பு வழக்கமாக அங்கே வசிப்பவரைக் கேட்கிறது. வாக்காளர் இடாப்பு 18 வயதுக்கு மேற்பட்டவரை மட்டும் கொண்டது, ஊரைவிட்டுப் போய்ப் பதிவை மாற்றாமல் விட்டவரும் அதில் இருப்பார். கிராம அலுவலரின் பதிவில், காணிக்காகவும் நிவாரணத்துக்காகவும் ஊரில் பெயரை வைத்துக்கொண்டு பருத்தித்துறையிலோ யாழ்ப்பாணத்திலோ பிள்ளைகளின் படிப்புக்காக இருக்கும் குடும்பங்களும் அடங்கும். குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதால், தாய், சேய் விடயத்தில் மற்ற மூன்றையும்விட நம்பத்தக்கது. ஆனால் அதுவும் முழுச் சனத்தொகை அல்ல. நாங்கள் கேட்பது இலேசான காரியம்: எந்த எண்ணைப் போட்டாலும் பக்கத்தில் எந்தப் பதிவு, எந்தத் திகதி என்று எழுதுங்கள். நான்கையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். (சிரிக்கவேண்டாம், அப்படியும் செய்கிறவர்கள் உண்டு.)

பிறப்புக் கணக்கில் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. பிறப்பு நிகழ்ந்த இடத்துப் பதிவாளர் பிரிவிலேயே பதியப்படுகிறது. வடமராட்சி கிழக்குத் தாய்மார் மந்திகையில் உள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ் போதனா வைத்தியசாலைக்கோ போய்ப் பிள்ளை பெற்றால், பிறப்பு அந்த இடத்துக் கணக்கில் ஏறும். பதிவான பிறப்புகளை வைத்து மருதங்கேணியில் பிள்ளைகளே பிறக்கவில்லை என்று முடிவெடுத்து, முன்பள்ளியையோ ஆரம்பப் பாடசாலையையோ குறைக்கப் போவது பெரும் பிழை. தாயின் வதிவிடத்தின்படி பிரித்த கணக்கைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் தடுப்பூசிப் பதிவையாவது பாருங்கள்.

பருவத்தோடு ஏறி இறங்கும் சனம் எந்தப் பதிவிலும் முழுமையாக வராது. வாடைக் காற்றுக் காலத்தில் இந்தக் கடல் கொந்தளிக்கும், தொழில் குறையும். கடல் அடங்கிய பிறகு கரைவலைச் சம்மாட்டிமார் (வலைச் சொந்தக்காரர்) ஆள் சேர்ப்பார்கள், வெளியிடங்களில் இருந்து வருவோர் கரையில் வாடி (தற்காலிகக் கொட்டில்) போடுவார்கள். அவர்களும் தண்ணீர் குடிக்கிறார்கள், மலசலகூடம் தேடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் இங்கே உள்ள வைத்தியசாலைக்குத்தான் போகிறார்கள். ஒரு குடியிருப்பில் 100 குடும்பம், குடும்பத்துக்கு 4 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் என்று மிகக் குறைத்துக் கணக்குப் பார்த்தாலும் 6,000 லீற்றர், ஒரு பவுசர். அதே கரையில் வாடிகளில் 100 பேர் வந்து சேர்ந்தால் 1,500 லீற்றர் கூட வேண்டும். பவுசர் அதே பவுசர். கடைசி வீட்டுக்கு வாளி நிறையாது, சண்டை வரும், பிறகு அது ஊராருக்கும் வந்தவருக்கும் இடையிலான பிரச்சினை என்று பதிவாகும். கடற்றொழில் பரிசோதகரின் கையில் படகு, வாடி விபரம் இருக்கும். வருடத்தில் இரண்டு தடவை, தொழில் உச்சத்தில் ஒன்றும் மாரியில் ஒன்றும், அதை வாங்கிக் கிராம அலுவலரின் எண்ணுக்குப் பக்கத்தில் போட்டால் போதும்.

கணக்கெடுக்கும் காலமும் முக்கியம். 2012 இல் குறித்த நாள் மார்ச் 20. 2024 கணக்கெடுப்பு ஒக்ரோபரில் தொடங்கி மாரிக்குள் போனது. நவம்பர் இறுதியில் வெள்ளம், சனம் நலன்புரி நிலையங்களில். இந்த இரண்டையும் ஊர் மட்டத்தில் ஒப்பிடுகிறவர் எந்த மாதத்தில் எடுத்த கணக்கு என்பதைப் பார்த்துவிட்டே பேனையை எடுக்கவேண்டும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பிரிவின் புவியியல் இல்லை. குடாநாட்டின் மற்றப் பெரும்பகுதியில் சுண்ணக்கல் அடித்தளம் நீரைத் தாங்குகிறது. இங்கே கைக்கு எட்டும் நீர் மணலுக்குள் இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ, அதன் 40 மடங்கு ஆழத்துக்குக் கீழே நன்னீர் இருக்கும் என்பது பொதுவான விதி. அரை மீற்றர் உயரம் இருந்தால் 20 மீற்றர் ஆழம். உயரத்தில் கால் மீற்றர் இறங்கினால் ஆழத்தில் 10 மீற்றர் போய்விடும். இதனால்தான் மணற்காடு, குடத்தனை, அம்பன் பக்கத்து மணற்கும்பிகளில் மணல் அள்ளுவது வெறும் மணற் களவு அல்ல. கும்பிதான் மழையைப் பிடித்து வைக்கும் தொட்டி. அதைச் சமதரையாக்கினால் நீர்மட்டத்தின் மேடு கரைந்துபோகும், பக்கத்துக் கிணறு சவர்க்கும். மணல் அள்ளியவர் ஒரு பிரிவில், கிணறு கெட்டவர் அடுத்த பிரிவில்.

வளத்திரட்டில் "பாதுகாப்பான கிணறு: இத்தனை" என்று ஒரு வரி போடுவது வழக்கம். கட்டிய கிணறு எல்லாம் அதில் சேர்ந்துவிடுகிறது. கட்டுக் கட்டினால் தண்ணீர் நன்னீராகாது. குடியிருப்புக்கு மூன்று கிணறுகளைத் தெரிந்தெடுங்கள்: கடல் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, களப்புப் பக்கம் ஒன்று. புரட்டாதியில், மழைக்கு முன், ஒரு தடவை. தையில், மாரி முடிந்த கையோடு, இன்னொரு தடவை. நீர்மட்டத்தை நாடாவால் அளந்து, உவர்ப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றரைத் தண்ணீரில் போட்டு எழுதுங்கள். குளோரைட்டை ஆய்வுகூடத்தில் பார்க்க முடிந்தால் நல்லது, குடிநீருக்கான இலங்கைத் தரத்தில் அதன் எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். அதிகாலையில், பம்பி போடும் முன், அளக்கவேண்டும். இறைத்த கையோடு அளந்தால் கீழிருந்து ஏறிய உவரைத்தான் அளப்பீர்கள். தையில் மட்டும் அளந்துவிட்டு எல்லாக் கிணறும் நல்லது என்று எழுதுவது ஊரை ஏமாற்றுகிற வேலை.

வீட்டுத்திட்டங்களில் மலக்குழியும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு பரப்புக் காணி என்றால் 506 சதுர மீற்றர், சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 22.5 மீற்றர். கிணற்றுக்கும் குழிக்கும் 15 மீற்றர் விடவேண்டும் என்றால் சொந்தக் காணிக்குள் எப்படியாவது விட்டுவிடலாம். பக்கத்து வீட்டுக் குழியும் பின்வீட்டுக் குழியும் 15 மீற்றருக்கு அப்பால் இருக்க இடமில்லை. மணலில் கழிவுநீர் வேகமாக ஓடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும் 2009 இற்குப் பிந்திய மீள்குடியேற்றத்திலும் வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு, வீட்டுக்கொரு கிணறு என்ற கணக்கைவிடத் தள்ளி ஒரு பொதுக் கிணறும் குழாயுமே பொருத்தம். தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. நிலையம் இந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை வைத்து இந்தப் பிரிவின் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு வரியில் எழுதிவிடவேண்டாம். குழாய் வந்த வீடு எத்தனை, தண்ணீர் வரும் மணித்தியாலம் எத்தனை என்பதைக் குடியிருப்பு வாரியாகப் போடுங்கள். முள்ளியான் வாய்க்காலும் அப்படித்தான். 1954 இல் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தில் ஆனையிறவுக் களப்பை வடமராட்சிக் களப்போடு இணைக்கும் 4 கிலோமீற்றர் அளவான வாய்க்கால் அது. "திட்டம் உண்டு" என்பதை வளமாக எண்ண முடியாது.

நிர்வாக எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாததையும் ஒரு பக்கத்தில் காட்டவேண்டும். வடமராட்சி கிழக்குக்குத் தனிப் பிரதேச செயலகம் உண்டு, தனிப் பிரதேச சபை இல்லை. மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 15, பிரதேச சபைகள் 13. இந்தப் பகுதி பருத்தித்துறைப் பிரதேச சபைக்குள் வருகிறது. கல்விக்கு வடமராட்சி வலயம். கமநல சேவை நிலையத்தின் எல்லை வேறு, கடற்றொழில் பரிசோதகர் பிரிவு வேறு. பவுசருக்கும் ஒழுங்கைக்கும் குப்பைக்கும் சபை, காணிக்கும் நிவாரணத்துக்கும் செயலகம். சபையின் கணக்கில் இந்தக் கரையோரம் தனியாகத் தெரியாது, பருத்தித்துறைப் பக்கத்து ஊர்களோடு கலந்துவிடும். சபைகள் தம் செலவையும் சேவையையும் கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தோடு பதிந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். மேசையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது, நிதி தேவையில்லை.

தீவுப் பக்கத்துக்கும் இதே அளவுகோலைத்தான் கேட்கிறோம். நெடுந்தீவு முழுவதும் ஒரே பிரிவு, 6 கிராம அலுவலர் பிரிவுகள், குறிகட்டுவானில் இருந்து படகு. அங்கே சிக்கல் வெளிப்படையாகத் தெரியும், ஒருவரும் மறக்கமாட்டார்கள். வேலணைப் பிரிவுக்குள் நயினாதீவும், ஊர்காவற்றுறைப் பிரிவுக்குள் அனலைதீவும் எழுவைதீவும் அடங்குவதால்தான் மறைந்துபோகிறது. தரைவழியால் போகக்கூடிய ஊர்களையும் படகு வேண்டிய தீவுகளையும் ஒரே சராசரியில் போட்டு, "வைத்தியசாலைக்குச் சராசரித் தூரம்" என்று எழுதினால் அனலைதீவுக் கர்ப்பிணி காணாமற்போய்விடுவார். படகு ஓடாத நாட்களின் எண்ணிக்கையை மாதவாரியாக எழுதுங்கள். இறங்குதுறையில் கேட்டால் சொல்வார்கள்.

எல்லாப் பிரிவிலும் ஒரே நேரத்தில் இதைத் தொடங்கச் சொல்லவில்லை. வடமராட்சி கிழக்கின் 18 பிரிவுகளில் தொடங்குங்கள். பிரிவுக்கு ஒரு தாள், இருபக்கம். முன்பக்கத்தில் மூன்று பரப்பும் நான்கு ஆட்தொகையும் திகதியோடு. பின்பக்கத்தில் குடியிருப்பு வாரியாக வீதித் தூரம், மூன்று கிணறுகளின் இரண்டு அளவீடு, வாடிக் கணக்கு. கிராம அலுவலர், குடும்பநல உத்தியோகத்தர், கடற்றொழில் பரிசோதகர் மூவரும் ஒரே மேசையில் இருந்து நிரப்பவேண்டும். தனித்தனியாக அனுப்பினால் ஒருவரின் எண்ணை மற்றவர் பார்த்து எழுதுவதுதான் நடக்கும். நிரப்பிய தாளைச் செயலக அறிவித்தல் பலகையில் இரண்டு கிழமை ஒட்டிவிடுங்கள். கிணற்றுச் சொந்தக்காரரும் சம்மாட்டிமாரும் பார்த்துத் திருத்துவார்கள். புரட்டாதி அளவீட்டைத் தவறவிட்டால் அடுத்த புரட்டாதி வரைக்கும் காத்திருக்கவேண்டும் என்பதால், மின்கடத்துதிறன் மீற்றர்களை ஆவணிக்குள் வாங்கிச் சரிபார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
யாழ் மாவட்டத்தில் புவியியல் கற்பிப்போரும் நிலஅளவை, புள்ளிவிபர வேலை தெரிந்தோரும்